சிஏ 125 எவ்வளவு வந்திருக்கு? ரிப்போர்ட் கவுண்டரில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் மெஷின் பக்கம், மதியத்துக்கு மேல் ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில். சர்க்கரை, தைராய்டு ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். சிஏ 125 வாங்குகிறவர்கள் அங்கேயே நின்று கவரைப் பிரிப்பார்கள். எண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து என் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் இதே கேள்விகள்தான்.

அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. லேபில் கற்றது, படித்தது, எங்களுக்கு சாம்பிள் அனுப்பும் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள். சிகிச்சை பற்றிய முடிவை உங்களைத் தொட்டுப் பார்த்த டாக்டரோடு உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும்.

சிஏ 125னா என்ன மேடம்? ரத்தத்துல கேன்சர் இருக்குன்னு காட்டுற டெஸ்ட்டா?

இல்லை. அது ஒரு புரதம். நம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. வயிற்றின் உள்பக்கத்தை மூடியிருக்கும் சவ்வு, நுரையீரலைச் சுற்றிய சவ்வு, கர்ப்பப்பையின் உள்சுவர், கருக்குழாய் ஆகிய இடங்களில் உள்ள செல்கள் அதை உண்டாக்குகின்றன. அந்தச் சவ்வு எதனால் உறுத்தப்பட்டாலும், புண்பட்டாலும் ரத்தத்தில் சிஏ 125 கூடும். சினைப்பைப் புற்றுநோய் செல்கள் பலவும் இதை ஏராளமாக உண்டாக்குவதால்தான் அந்த நோயோடு இதன் பெயர் ஒட்டிக்கொண்டது.

125 என்பது அளவு என்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு. 1981இல் அமெரிக்காவின் பாஸ்டனில் டாக்டர் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் சினைப்பைப் புற்றுநோய் செல்லை அடையாளம் காணும் ஒரு எதிர்ப்பொருளைத் தேடினார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்ததில் 125ஆவதாக வந்தது பலன் தந்தது. அந்த வரிசை எண்தான் பெயரிலேயே தங்கிவிட்டது.

35க்கு மேல போனா கேன்சர்தானே? எனக்கு 48 வந்திருக்கு, தடிச்ச எழுத்துல போட்டிருக்கீங்க.

தடித்த எழுத்தும் பக்கத்தில் உள்ள நட்சத்திரமும் கம்ப்யூட்டர் தானாகப் போடுவது. சாதாரண அளவின் மேல் எல்லை 35. அதைத் தாண்டினால் போடும், அவ்வளவுதான். எந்த நோயும் இல்லாத பெண்கள் 100 பேரை எடுத்தால் ஒருவருக்கு 35க்கு மேல் இருக்கும். இன்னும் மாதவிடாய் வந்துகொண்டிருக்கிற பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பீரியட்ஸ் நாட்களில் ரத்தம் கொடுத்தாலே ஏறித் தெரியலாம்.

உங்கள் 48க்கு என்ன அர்த்தம் என்பது உங்களுக்கு வயது என்ன, மாதவிடாய் நின்றுவிட்டதா, ஸ்கேனில் என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தது. இதே 48 இரண்டு பெண்களுக்கு எப்படி வேறாகிறது என்பதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

கேன்சர் இல்லாம வேற எதுக்கெல்லாம் ஏறும்?

எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ் (அதே திசு கர்ப்பப்பைத் தசைக்குள் வளர்வது), கர்ப்பப்பை ஃபைப்ராய்டு என்ற சாதாரணக் கட்டி, இடுப்புப் பகுதிக் கிருமித்தொற்று, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம், சமீபத்தில் நடந்த வயிற்று ஆபரேஷன். பெண் உறுப்புகளோடு சம்பந்தமே இல்லாமலும் ஏறும்: கல்லீரல் சுருக்கம், இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோர்ப்பது, நுரையீரல் சவ்வில் நீர் சேர்வது. ஆண்களுக்குக்கூட இந்தக் காரணங்களால் ஏறும். மற்ற புற்றுநோய்களிலும் ஏறலாம்.

நம் ஊரில் இந்தப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது வயிற்று டிபி. அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

எங்கம்மாவுக்கு 600. இவ்வளவு ஏறினா கேன்சர்தான், டிபியா இருக்க வாய்ப்பே இல்லைன்னு சித்தப்பா சொல்றாரு. அப்படியா?

வாய்ப்பு நிச்சயம் உண்டு. வயிற்றுச் சவ்வில் டிபி வந்தால் அந்தச் சவ்வு முழுவதுமே உறுத்தப்படுகிறது. முதல் பதிலில் சொன்ன அதே செல்கள்தான் அங்கே இருக்கின்றன. அதனால் எண் பல நூறுகளுக்குப் போகும், சிலருக்கு ஆயிரத்தையும் தாண்டும். வயிறு வீங்குவது, எடை குறைவது, பசி இல்லாமை, ஸ்கேனில் நீரும் சவ்வுத் தடிப்பும் என்று மற்ற அறிகுறிகளும் அச்சாகப் புற்றுநோய் போலவே இருக்கும். நுரையீரல் எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும் வயிற்றில் டிபி இருக்கலாம்.

வயிற்று நீரை எடுத்துச் சோதிப்பது, லேப்ராஸ்கோப்பியில் உள்ளே பார்த்துச் சின்னத் துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவது, இவைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். ஒன்றுக்குப் பெரிய ஆபரேஷனும் கீமோவும். மற்றொன்றுக்கு வழக்கமாக ஆறு மாத மாத்திரை. அந்த மாத்திரையிலேயே சிஏ 125 இறங்கிவிடும். ஒரு அம்மாவின் ரிப்போர்ட் எங்களிடம் 700க்கு மேல் வந்து, குடும்பமே கவுண்டர் முன்னால் அழுதது. எட்டு மாதம் கழித்து அதே அம்மா தானே நடந்து வந்து ரத்தம் கொடுத்தார். 14. பயாப்சி முடிவு வரும்வரை நோயின் பெயரை யாரும் முடிவு கட்ட வேண்டாம், சித்தப்பா உட்பட.

எனக்கு 12தான். அப்போ ஒண்ணுமில்லைன்னு நிம்மதியா இருக்கலாமா?

உடம்பில் தொந்தரவு இல்லாதவர் என்றால் சந்தோஷப்படுங்கள். ஆனால் தொந்தரவு இருந்து, அதற்காகத்தான் பரிசோதித்தீர்கள் என்றால் 12ஐ நம்பி நிறுத்திவிடாதீர்கள். முற்றிய சினைப்பைப் புற்றுநோயில் 100க்கு 80 பேருக்குத்தான் சிஏ 125 ஏறுகிறது. ஆரம்ப நிலையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். சளி போன்ற பொருளைச் சுரக்கும் மியூசினஸ் வகையில் பல சமயம் இந்த எண் அசையவே அசையாது.

கவனிக்க வேண்டிய தொந்தரவுகள் நான்கு. வயிறு ஊதிக்கொண்டே இருப்பது. அடிவயிறு அல்லது இடுப்பு வலி. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவது. அடிக்கடி, அவசரமாகச் சிறுநீர் வருவது. இவை எல்லோருக்கும் எப்போதாவது வருபவைதான். இதற்கு முன் இல்லாமல் புதிதாக வந்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், முக்கியமாக 50 வயதைத் தாண்டியவர்கள், கேஸ் மாத்திரையோடு நிறுத்தாமல் கைனக் டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். வருகிறவர்களில் பலர் நான்கைந்து மாதம் ஜீரண மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்புல இதையும் சேர்த்திருக்காங்க. வருஷா வருஷம் போட்டுக்கலாமா?

தொந்தரவும் இல்லை, குடும்பத்தில் யாருக்கும் இந்த நோயும் இல்லை என்றால் வேண்டாம் என்பதுதான் என் பதில். லேபில் வேலை பார்த்துக்கொண்டு இதைச் சொல்வதால் சிலர் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

இதைச் சோதித்துப் பார்த்த மிகப்பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்தது. 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்ற 50 முதல் 74 வயது வரையுள்ள 2,02,638 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ 125 பார்த்து, எண் ஏறும் விதத்தைக் கணக்கிட்டு, தேவைப்பட்டால் ஸ்கேன். இன்னொரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் மட்டும். மூன்றாவது பிரிவினருக்கு எதுவும் இல்லை. 16 வருடத்துக்கும் மேல் பின்தொடர்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தப் பரிசோதனைப் பிரிவில் ஆரம்ப நிலையில் கண்டுபிடிப்பது கூடியது உண்மை. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் மூன்று பிரிவிலும் ஒன்றுதான், 0.6 சதவீதம். அமெரிக்காவில் 78,216 பெண்களிடம் நடந்த ஆய்வும் 2011இல் இதையே சொன்னது. அதில் 3,285 பேருக்குப் புற்றுநோய் இல்லாமலேயே பரிசோதனை தவறாக எச்சரித்தது. அவர்களில் 1,080 பேர் ஆபரேஷன் மேஜை வரை போனார்கள். 163 பேருக்கு அந்த ஆபரேஷனால் பெரிய சிக்கல் வந்தது. நன்றாக இருந்த பெண்கள் அவர்கள்.

ஏன் இப்படி? இந்த நோயின் மிகக் கடுமையான வகை பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்பது இப்போது தெரிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போதே வயிற்றுக்குள் உதிர்ந்து பரவிவிடும். எண் ஏறுவதற்குள் அது தன் வேலையைப் பார்த்துவிடுகிறது. அந்தப் பணத்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அவை உயிர் காக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

எங்கம்மா ஓவரி கேன்சர்ல போனாங்க. பெரியம்மாவுக்கு மார்புல. எனக்கு 36 வயசு. நானும் இதைப் பார்க்க வேண்டாமா?

உங்கள் நிலைமை வேறு. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது மரபணுப் பரிசோதனை. பிராக்கா 1, பிராக்கா 2 என்ற மரபணுக்களில் குறை இருந்தால் மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப வரும். பிராக்கா 1 குறை உள்ள பெண்கள் 100 பேரில் சுமார் 44 பேருக்கும், பிராக்கா 2 என்றால் சுமார் 17 பேருக்கும் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரலாம். குறை இல்லாதவர்களுக்கு இது 100இல் ஒன்றுக்குச் சற்று மேல்தான். பெரியம்மா இருக்கிறார் என்றால் முதலில் அவருக்குச் சோதிப்பது நல்லது. நோய் வந்தவரிடம் தேடினால்தான் குடும்பத்தில் ஓடும் குறை எது என்று தெளிவாகும். அப்பா வழியிலும் இது வரும், அதைப் பலர் சொல்வதே இல்லை.

குறை இருப்பது உறுதியானால், குழந்தை பெற்று முடித்தபின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்வார்கள். பிராக்கா 1க்கு 35 முதல் 40 வயதுக்குள், பிராக்கா 2க்கு 40 முதல் 45க்குள் என்பது பொதுவான வழக்கம். அதுவரை சில டாக்டர்கள் சிஏ 125ம் ஸ்கேனும் பார்ப்பார்கள். ஆனால் அது அந்த ஆபரேஷனுக்கு ஈடாகாது.

ஸ்கேன்ல ஓவரியில கட்டின்னு வந்திருக்கு. டாக்டர் 125 எழுதியிருக்காரு. நீங்கதான் அந்த டெஸ்ட் வேண்டாம்னு சொன்னீங்க?

வேண்டாம் என்றது ஒன்றும் இல்லாதவர்களுக்கு. கட்டி தெரிந்த பிறகு இந்த எண் உண்மையாகவே உதவும். 1990இல் பிரிட்டனில் உருவான ஒரு எளிய கணக்கு இருக்கிறது. மூன்று எண்களைப் பெருக்க வேண்டும். ஸ்கேனில் சந்தேகப்படும்படி ஒரு அடையாளம் இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3, எதுவும் இல்லை என்றால் 0. மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. மூன்றாவது எண் சிஏ 125. அடையாளங்கள் என்றால் கட்டிக்குள் பல அறைகள், கெட்டியான பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்தில் பரவியிருப்பது.

மேலே சொன்ன 48ஐ எடுத்துக்கொள்வோம். 34 வயதுப் பெண், மாதவிடாய் ஒழுங்காக வருகிறது, ஸ்கேனில் ஒரே ஒரு அடையாளம். 1 பெருக்கல் 1 பெருக்கல் 48, விடை 48. 58 வயது அம்மா, மாதவிடாய் நின்று ஏழு வருடம், கட்டியில் கெட்டியான பகுதியும் வயிற்றில் கொஞ்சம் நீரும். 3 பெருக்கல் 3 பெருக்கல் 48, விடை 432. இது 200ஐத் தாண்டினால் பொது அறுவை மருத்துவரிடம் விடாமல் புற்றுநோய் ஆபரேஷனில் தேர்ந்த கைனக் சர்ஜனிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்த முதல் ஆபரேஷன் யார் கையில் நடக்கிறது என்பது இந்த நோயில் மிகப்பெரிய விஷயம்.

எச்ஈ 4, ரோமான்னு ரெண்டு சேர்த்து எழுதியிருக்காங்க. காசு புடுங்கத்தானா?

இல்லை, காரணம் உண்டு. எச்ஈ 4 இன்னொரு புரதம். எண்டோமெட்ரியோசிஸில் சிஏ 125 ஏறும், எச்ஈ 4 பொதுவாக ஏறாது. அதனால் இளம் பெண்களுக்கு வரும் கட்டியில் குழப்பம் தீர இது உதவும். இரண்டையும், மாதவிடாய் நின்றதா இல்லையா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும் சதவீதம்தான் ரோமா. அமெரிக்காவில் எச்ஈ 4க்கு 2008இலும் ரோமாவுக்கு 2011இலும் அனுமதி கிடைத்தது.

ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: சிறுநீரகக் கோளாறு இருந்தால் எச்ஈ 4 ஏறும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கூடுதலாக உள்ளவருக்கு அந்த எண்ணை நம்பிப் பதறக் கூடாது.

பதினேழு வயசுப் பொண்ணு சார். ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச்னு எழுதியிருக்காங்க. எச்சிஜின்னா கர்ப்ப டெஸ்ட்டாமே!

ஒரு அப்பா என்னோடு வேலை செய்யும் தம்பியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டது இது. அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். உங்கள் மகளை யாரும் சந்தேகப்படவில்லை. சின்ன வயதில் வரும் சினைப்பைக் கட்டிகளில் ஒரு வகை, முட்டையாக மாற வேண்டிய செல்களிலிருந்து வருகிறது. அவற்றைக் கண்டுபிடிக்க சிஏ 125ஐ நம்ப முடியாது. யோக் சாக் கட்டி ஏஎஃப்பியையும், கோரியோகார்சினோமா எச்சிஜியையும், டிஸ்ஜெர்மினோமா எல்டிஎச்சையும் ஏற்றும். அதனால்தான் மூன்றும்.

இந்த வகைகள் வேகமாக வளரும், ஆனால் கீமோவுக்கு நன்றாகவே கட்டுப்படும். பெரும்பாலும் ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் எடுத்து, கர்ப்பப்பையையும் மறுபக்கத்தையும் காப்பாற்றிவிடுவார்கள். எண்கள் இறங்கும் வேகத்தையும் துல்லியமாகக் கணக்கிடலாம்: எச்சிஜி ஒன்று ஒன்றரை நாளில் பாதியாகும், ஏஎஃப்பி ஐந்து முதல் ஏழு நாளில். கிரானுலோசா செல் என்ற வேறொரு வகைக்கு இன்ஹிபின் பி, ஏஎம்எச் என்ற வேறு ரத்தப் பரிசோதனைகளைக் கேட்பார்கள்.

ஓவரியிலதானே கட்டி? எதுக்கு சிஇஏ, 19-9 எல்லாம்?

சிஇஏ, 19-9 இரண்டும் செரிமான உறுப்புகளின் புற்றுநோயில் ஏறக்கூடியவை. இரைப்பை, பெருங்குடல் புற்றுநோய்கள் சினைப்பைக்கு வந்து கட்டியாக நிற்பது உண்டு. அப்போது மூலம் வேறு, சிகிச்சையும் வேறு. சிஏ 125ஐ சிஇஏவால் வகுத்து 25க்கு மேல் வந்தால் சினைப்பையிலேயே தொடங்கியது என்ற பக்கம் தராசு சாயும். குறைவாக இருந்தால் எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி எடுக்கச் சொல்வார்கள்.

ஒரு லேப்ல 62, மூணாம் நாள் இன்னொரு லேப்ல 81. யாரு தப்பு?

இரண்டு லேபும் சரியாகச் செய்திருக்கலாம். ஒவ்வொரு கம்பெனி மெஷினும் இந்தப் புரதத்தின் வேறு வேறு இடத்தைப் பிடித்து அளக்கிறது. அளவுகோலே வேறு என்பதால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ‘ஏறிவிட்டது’ என்று சொல்லவே முடியாது. சிகிச்சை நடக்கிறவர்கள் ஒரே லேப், ஒரே முறை என்று பிடித்துக்கொள்ளுங்கள். ஊர் மாறி லேப் மாற்ற வேண்டி வந்தால், ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் மெஷின், முறை பற்றிய வரியைப் புது லேபில் காட்டுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். முடி கொட்டாமலிருக்க பயோட்டின் மாத்திரை அதிக அளவில் சாப்பிடுகிறவர்களுக்குச் சில மெஷின்களில் எண் பொய்யாகக் குறைந்து வரும். ரத்தம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்தது அரிது: சிலர் ரத்தத்தில் இருக்கும் வேறு எதிர்ப்பொருள்கள் பரிசோதனைக்கான ரசாயனக் கிட்டோடு ஒட்டிக்கொண்டு பொய்யாக ஏற்றிக் காட்டும். ஸ்கேன் சுத்தம், உடம்பும் நன்றாக இருக்கிறது, எண் மட்டும் பொருந்தவே இல்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். சாம்பிளை நீர்த்தும் வேறு முறையிலும் ஓட்டிப் பார்ப்போம். வெறும் வயிற்றில் வர வேண்டிய அவசியம் இல்லை. மதுரை வெயிலில் பட்டினியோடு நிற்காதீர்கள்.

ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாள். 90க்கு மேலயே நிக்குது. எல்லாத்தையும் எடுத்துட்டேன்னாரே டாக்டர்?

எடுத்திருப்பார். வயிற்றைத் திறந்து தைத்ததே அந்தச் சவ்வுக்குப் பெரிய காயம். அது ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆகும், அதுவரை சிஏ 125 ஏறியே தெரியும். அதனால்தான் ஆபரேஷன் முடிந்த உடனே இதை எடுக்கச் சொல்வதில்லை. கீமோ தொடங்கும்போது எடுக்கும் எண்ணிலிருந்துதான் கணக்கு ஆரம்பம்.

ரெண்டு கீமோ ஆச்சு. 840ல இருந்து 390. நல்லா கேக்குதுன்னு அர்த்தமா?

நல்ல அறிகுறி. தொடக்க எண்ணிலிருந்து பாதிக்கும் கீழ் இறங்கி, 28 நாளாவது அப்படியே நின்றால் மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல் இருக்கிறது. கார்போபிளாட்டின், பேக்ளிடாக்ஸல் என்ற கீமோ மருந்துகளை மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடுகிறவர்களுக்கு ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் எடுப்பது வழக்கம். முதல் 100 நாளில் மூன்று முறையாவது எடுத்திருந்தால், எண் இறங்கும் வேகத்தை வைத்து கெலிம் என்ற மதிப்பெண்ணும் போட்டுப் பார்க்கலாம். அடுத்து ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று திட்டமிட அது டாக்டருக்கு உதவும்.

முதல் ஊசிக்குப் பிறகு கொஞ்சம் ஏறினால் கலங்க வேண்டாம். எண் மட்டும் இறங்கி, வயிற்று நீரும் வலியும் கூடினால் அதை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். உடம்பு சொல்வதற்குத்தான் முதல் மரியாதை.

ட்ரீட்மென்ட் முடிஞ்சப்ப 9. மூணு மாசத்துல 13, இப்ப 22. 35க்குக் கீழதானே, விட்டுடலாமா?

விட்டுவிடாதீர்கள், பயந்தும் போகாதீர்கள். சிகிச்சை முடிந்தவர்களுக்கு 35 பழைய எல்லை. உங்களுக்கான எல்லை உங்கள் மிகக் குறைந்த எண்தான், அதாவது 9. அதிலிருந்து தொடர்ந்து மேலே போகிறது என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஆனால் திரும்ப வந்துவிட்டது என்று சொல்ல, சாதாரண அளவுக்கு இறங்கியவர்களுக்கு 70ஐ எட்ட வேண்டும், அதுவும் ஒரு வாரமாவது இடைவெளி விட்டு இரண்டு முறை. சளி, காய்ச்சல், வயிற்றுத் தொற்று வந்த வாரத்தில் எடுத்தீர்களா என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள்.

70ஐத் தாண்டிடுச்சு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. டாக்டர் காத்திருப்போம்கிறாரு. ஏன் உடனே கீமோ போடக் கூடாது? கைவிட்டுட்டாரா?

இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இல்லை. கைவிடவில்லை. நோய் திரும்பும்போது உடம்பிலோ ஸ்கேனிலோ தெரிவதற்குச் சில மாதம் முன்பே சிஏ 125 ஏறிவிடும். அப்படியானால் முந்திக்கொள்வதுதானே புத்திசாலித்தனம் என்று டாக்டர்களும் நம்பினார்கள். அதனால் சோதித்தே பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் எண் ஏறிய 529 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எண்ணைப் பார்த்தவுடன் கீமோ. மற்ற பிரிவுக்குத் தொந்தரவு தெரிந்த பிறகு. முதல் பிரிவினர் ஏறக்குறைய ஐந்து மாதம் முன்னதாகத் தொடங்கினார்கள். உயிரோடு இருந்த காலம் முன்னதில் 25.7 மாதம், பின்னதில் 27.1 மாதம். முந்தியதால் கிடைத்தது கூடுதல் ஆயுள் இல்லை, கூடுதல் கீமோ நாட்கள். நன்றாக நடமாடிய நாட்கள் அதில் போயின.

அந்த ஆய்வு நடந்தபோது புற்றுநோய் செல் தன் சேதத்தைச் சரிசெய்துகொள்ளாமல் தடுக்கும் இன்றைய பார்ப் தடுப்பு மாத்திரைகள் புழக்கத்தில் இல்லை. தகுந்தவர்களுக்கு இரண்டாவது ஆபரேஷன் ஆயுளைக் கூட்டும் என்பதும் 2021இல்தான் ஒரு பெரிய ஆய்வில் நிரூபணமானது. அதனால் ‘இன்னொரு ஆபரேஷனுக்கு நான் தகுந்தவளா, எத்தனை வாரத்தில் அடுத்த ஸ்கேன், என்ன தொந்தரவு வந்தால் உடனே வர வேண்டும்’ என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் காலத்துக்கு அதுதான் கைப்பிடி.

தேதி நெருங்கினாலே தூக்கம் வரல மேடம். இதைப் பார்க்காமலே இருக்கலாமா?

இருக்கலாம். மேலே சொன்ன ஆய்வுக்குப் பிறகு, தொந்தரவு இல்லாதவர்களுக்கு எண்ணைத் தொடர்ந்து பார்ப்பது கட்டாயம் இல்லை என்று பல டாக்டர்கள் நோயாளியிடமே முடிவை விடுகிறார்கள். பார்த்தால்தான் நிம்மதி என்கிறவர்களும் உண்டு. இரண்டும் சரி. ஆனால் நேரில் போய்ப் பரிசோதித்துக்கொள்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவது ஆபரேஷனுக்கு வாய்ப்பு உள்ளவர் என்று டாக்டர் சொல்லியிருந்தால், எண்ணை நிறுத்தும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அம்மா ரிப்போர்ட்டைப் பார்ப்பாங்க. 212ஐ 21ன்னு அடிச்சு ஒரு காப்பி மட்டும் கொடுங்களேன், ப்ளீஸ்.

முடியாது கண்ணு. அந்தத் தாள் அம்மாவோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போகும். ஒருநாள் நீ பக்கத்தில் இல்லாதபோது, அவசரத்தில், யாரோ ஒரு டாக்டர் அந்த 21ஐ நம்பி மருந்து எழுதுவார்.

இதைக் கேட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கவுண்டரைச் சுற்றி வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். தண்ணீர் கொடுத்தேன். ரிப்போர்ட்டை ஒட்டிய கவரில் போட்டு மேலே டாக்டர் பெயரை எழுதி, ‘நேரே அவரிடம் கொடு, அம்மாவுக்கு அவரே பொறுமையாகச் சொல்லட்டும், அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் அம்மாவிடமே கேட்கச் சொல்’ என்றேன். வெளியே பெஞ்சில் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். மகள் வந்ததும் கவரைக் கையில் வாங்கி, பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டார். ‘ஏறியிருக்கு, அதானே? சரி வா, பசிக்குது. இட்லி சாப்பிட்டுட்டு டாக்டரைப் பார்க்கப் போவோம்’ என்றார்.